மூடி போடாத கேமரா

போன மாதம் நாம் எல்லோரும் ஒரு வேன் பிடித்துக்கொண்டு கோலசிலாங்கூர் போனோமே, அன்றைக்கு ஈஜோக் தாண்டியதும் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நீர்நாய்க் குடும்பம் வரிசையாகச் சாலையைக் கடந்தது. "ஐயோ, நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று வேனே அதிரும்படி கத்தினீர்கள். ஒருத்தி கைப்பைக்குள் கைப்பேசியைத் தேடினாள். இன்னொருவருக்கு மூக்குக்கண்ணாடி அகப்படவில்லை. யாரோ கதவை வேறு திறந்துவிட்டார்கள். நீர்நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கால்வாய்க்குள் இறங்கி மறைந்தன. என்னிடம் மட்டும் இரண்டு படங்கள் இருந்தன.

"நீ மட்டும் எப்படி எடுத்தே? முன்னாடியே தெரியுமா உனக்கு?" என்று சாப்பாட்டுக் கடையில் கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அங்கே சொல்ல ஆரம்பித்திருந்தால் மீன்தலைக் கறி ஆறிப்போயிருக்கும். இப்போது சொல்கிறேன்.

அப்பா ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை. அப்பாவுக்கு இரண்டு வயது இளையவள் என் அத்தை. சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக இருந்தாள். அந்தக் காலத்தில் நர்ஸ் என்று யார் சொன்னார்கள்? எல்லோருக்கும் மிஸ்ஸிதான். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி வேனில் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போவாள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் எடை போடுவாள், ஊசி போடுவாள், பிள்ளை பெற்றவர்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கே போய்ப் பார்ப்பாள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருந்தாள்.

அவளிடம் ஒரு கேமரா இருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்த வெள்ளைக்கார டாக்டரின் மனைவி ஊருக்குத் திரும்பும்போது அத்தையின் கையில் வைத்துவிட்டுப் போனது. பழுப்புத் தோலுறை. அந்த உறையின் முன்மடிப்பை அத்தை கத்தரிக்கோலால் வெட்டி எறிந்திருந்தாள். அதைத் திறக்கிற நேரத்துக்குள் குரங்கு அடுத்த மரத்துக்குப் போய்விடும் என்பாள். ராத்திரியில் கேமரா ஒரு பிஸ்கட் டின்னுக்குள் தூங்கும். அடியில் வறுத்த அரிசி ஒரு முடிச்சு. ஈரத்தை அரிசி குடித்துவிடுமாம். அந்த டின்னைத் திறந்தால் வறுத்த அரிசியும் தோலும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்து ஒரு வாசனை வரும். எனக்கு அதுதான் அத்தையின் வாசனை.

எனக்குப் பத்து வயதாகியிருந்த அந்த ஆண்டுக் கடைசியில், பள்ளிக்கூட லீவு விட்ட சமயம், அத்தையைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. மிஸ்ஸி போகிற வேன் ஆளில்லாத காட்டு ரோட்டில் அடிக்கடி நிற்கிறது, எஞ்சின்கூட ஓடுவதில்லை, உள்ளே மிஸ்ஸியும் டிரைவரும்தான். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர் சைக்கிளில் போகும்போது பார்த்தாராம். பேச்சு அப்பாவின் காதுக்கு வந்தது. அதே சமயத்தில் ரவாங்கிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்திருந்தது. மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். இந்தப் பேச்சு அங்கே போய்ச் சேருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று அப்பா தவித்தார்.

"லீவுதானே பாப்பா, அத்தைகூட வேன்ல போய்ட்டு வாயேன். நாலு இடம் பாத்த மாதிரி இருக்கும்" என்றார் என்னிடம். சாயங்காலம் திரும்பியதும், "இன்னைக்கு வேன் எங்கெங்க நின்னுச்சி?" என்று கேட்பார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

முதல் நாள் காலையில் நான் வேனில் ஏறியதுமே அத்தை கேட்டுவிட்டாள். "உங்கப்பா காவலுக்கு அனுப்பிச்சாரா?"

நான் தலையாட்டினேன்.

"நல்லதாப் போச்சி. எனக்கும் இன்னொரு ஜோடிக் கண்ணு வேணும்."

டிரைவர் மாமா சிரித்தார். அவர் கறுப்பாக, ஒல்லியாக இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. யாருடனும் அதிகம் பேச மாட்டார். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

அந்த வேனுக்குள் சில சட்டங்கள் இருந்தன. அத்தை பக்கத்துக் கண்ணாடி எப்போதும் இறங்கியே இருக்கும். மழை பெய்தாலும் சரி. கேமரா கழுத்தில் தொங்கும், மடியில் கிடக்கும், மேலே ஒரு துண்டு. லென்ஸ் மூடி அத்தையின் வெள்ளைச் சட்டைப் பையில். வேன் புறப்பட்டதிலிருந்து ஆயாக் கொட்டகை வாசலில் நிற்கும்வரை அந்த மூடி பையைவிட்டு வெளியே வராது. ரப்பர் மரத்து நிழலுக்குள் வேன் நுழைந்ததும் அத்தையின் விரல்கள் பார்க்காமலேயே லென்ஸைச் சுற்றியிருக்கும் எண்களை வெளிச்சத்துக்கேற்பத் திருப்பும். மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்த வெட்டவெளிக்கு வந்ததும் மறுபடி திருப்பும். தூர வளையத்தை மட்டும், கால்வாய்க்கு அந்தப் பக்கத்து மரம் எவ்வளவு தூரமோ அந்த இடத்தில் வைத்து அப்படியே விட்டிருப்பாள். பிலிம் ரோலின் கடைசிப் படங்களை வீடு திரும்பும்வரை தொட மாட்டாள். ஒரு படம் எடுத்துவிட்டால் உடனே பிலிமை நகர்த்தும் நெம்பை இழுத்து அடுத்ததற்குத் தயாராக்கிவிடுவாள்.

"வர்றப்ப சொல்லிட்டா வரும்? அது பாட்டுக்கு வரும். நாமதான் ரெடியா இருக்கணும்லா" என்பாள்.

எனக்கும் டிரைவர் மாமாவுக்கும்கூடச் சட்டம் இருந்தது. ஏதாவது தெரிந்தால் நான் கத்தக் கூடாது. வலப்பக்கம் என்றால் அத்தையின் வலது முழங்காலையும் இடப்பக்கம் என்றால் இடது முழங்காலையும் தட்ட வேண்டும். டிரைவர் மாமா பிரேக்கை மிதிக்கக் கூடாது. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, எஞ்சினை அணைத்து, வேனைத் தானாக உருண்டு நிற்க விட வேண்டும். மண்டோர் பார்த்தது அதைத்தான்.

எத்தனை வேன்பயணங்கள்! செம்மண் ரோட்டில் தேங்கிய தண்ணீர் டயரில் பட்டு இருபுறமும் எழும்பும். ரப்பர் பாலின் புளித்த வாடை போய், சதுப்புக் காட்டின் அழுகிய இலை வாடை வரும். அசாம் ஜாவா பக்கம் வந்தால் மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்தில் யாரோ கருவாடு காய வைத்திருக்கும் வாடை. காட்டுப்பன்றியின் பின்பாதி கிடைத்தது. உடும்பின் வால் கிடைத்தது. லோத்தோங் குரங்கு ஒன்று ஆரஞ்சு நிறக் குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை கேமராவைத் தூக்குவதற்குள் மழைத்துளி லென்ஸில் விழுந்துவிட்டது. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. துண்டின் நுனியால் துடைத்துவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

அத்தை காட்டைப் பார்த்துக்கொண்டே வருவாள். டிரைவர் மாமா கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் அத்தையைப் பார்ப்பார். நடுவில் இருந்த எனக்கு அப்போது அது வெறும் கண்ணாடி சரிசெய்வதாகத்தான் தெரிந்தது. அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. "குரங்குக்கு நின்னுச்சிப்பா. அப்பறம் பன்னிக்கு நின்னுச்சி" என்பேன். அப்பா பெருமூச்சு விடுவார்.

ஒரு மத்தியானம் பெருமழை. ரோடு தெரியாமல் வேனை ஓரமாக நிறுத்திவிட்டோம். வாழை இலையில் கட்டிய நாசி லெமா என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பிரித்து மடியில் வைத்துச் சாப்பிட்டோம். அப்போதுதான் கேட்டேன்.

"எதுக்கு அத்தை இப்படி மிருகத்தையே தேடுறீங்க?"

அத்தை விரலை நக்கிக்கொண்டாள். "எல்லா மிருகத்தையும் தேடல. ஒன்னைத்தான். மத்ததெல்லாம் நடுவுல வர்றது."

எட்டு வயதில் ஒரு விடிகாலை, ரப்பர் பால் வெட்டப் போயிருந்த என் தாத்தாவுக்குக் காப்பித் தூக்கு எடுத்துக்கொண்டு மர வரிசை வழியாக நடந்திருக்கிறாள். பனி. தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒன்று நின்றது. முன்பக்கம் கறுப்பு. பின்பக்கம் வெள்ளை வேட்டியைப் போர்த்தியது மாதிரி. தரையை முகர்ந்துகொண்டு மெதுவாக நடந்து காட்டுக்குள் போய்விட்டது. தூக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து சொன்னாள்.

"பேய்னு சொல்லிட்டாங்க. பூசாரி வந்து கயிறு கட்டுனாரு. வேப்பிலை அடிச்சாங்க. பேய் இல்ல, அதுக்குக் காது இருந்துச்சி, மூக்கு நீளமா தொங்குச்சின்னு நான் சொல்லச் சொல்ல, இன்னும் ரெண்டு அடி."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? பேய் பாத்தவன்னு பேரு. படிச்சி மிஸ்ஸி ஆயிட்டேன், இன்னும் அதே பேருதான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து லயத்துல விசாரிப்பாங்க. யாராச்சும் ஒருத்தர் சொல்லிடுவாங்க, சின்ன வயசுல அது காத்து கருப்பு பட்ட பொண்ணுன்னு."

டிரைவர் மாமா மழையையே பார்த்தபடி சொன்னார். "அது தெனோக் மிஸ்ஸி. கம்பத்து ஆளுங்களுக்குத் தெரியும். இந்தச் சதுப்புல இன்னும் இருக்கு."

"எனக்கும் இப்பத் தெரியும் டிரைவர். ஆனா காட்டணும்லா."

மலாய்க்காரர்கள் தெனோக் என்கிற, இங்கிலீஷில் டேப்பிர் என்கிற அந்த மிருகத்துக்கு எங்கள் லயத்தில் தமிழில் பேரில்லை. பேரில்லாத ஒன்றைப் பார்த்தால் பேய்தான்.

லீவு முடிகிற சமயத்தில் மழை இன்னும் கனத்தது. ஒரு நாள் காலையில், கடற்கரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிரசவ வலி கண்டு ஒரு பெண் படுத்திருப்பதாகச் செய்தி வந்தது. பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, கோலசிலாங்கூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் போய் அந்தப் பெண்ணையும் அவளுடைய மாமியாரையும் வேனின் பின்பக்கம் ஏற்றினோம். அத்தையும் பின்னால் ஏறினாள். ஏறும்போது கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி முன்சீட்டில் என் மடியில் போட்டாள். "பத்திரம்" என்றாள். அவ்வளவுதான். மூடி அவள் பையிலேயே இருந்தது.

காட்டு ஓரத்து ரோட்டில் பாதி தூரம் வந்திருப்போம். அந்தப் பெண்ணின் அலறல் என் முதுகைத் துளைத்தது. "முக்காதம்மா, இன்னும் முக்காத, வாயால மூச்சு விடு" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போது வேன் உருள ஆரம்பித்தது. டிரைவர் மாமா காலை எடுத்துவிட்டிருந்தார்.

ரோட்டின் நடுவே அது நின்றுகொண்டிருந்தது.

முன்பாதி நனைந்த கரி. நடுவிலிருந்து பின்பக்கம் வெள்ளை. மூக்கு வளைந்து தொங்கியது. காதுகளின் நுனியில்கூட வெள்ளை. தண்ணீர் ஏறிய காட்டிலிருந்து மேட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

"ஏன் நிக்குது? ஓட்டுங்க டிரைவர்!" பின்னாலிருந்து அத்தை.

"மிஸ்ஸி..." என்றார் டிரைவர் மாமா. "மிஸ்ஸி, தெனோக். முன்னாடி பாருங்க. ஒரே ஒரு தடவ பாருங்க."

நான் திரும்பினேன். அத்தை நிமிரவில்லை. அந்தப் பெண்ணின் முழங்கால்களுக்கு நடுவே குனிந்திருந்தாள். இரண்டு கைகளும் உள்ளே வேலையாக இருந்தன. வியர்வை அவள் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. ஒரு விநாடி அவள் கைகள் அசையாமல் நின்ற மாதிரி இருந்தது. பிறகு சொன்னாள்.

"பாப்பா, நீ எடு. டிரைவர், எடுத்ததும் ஓட்டுங்க. கால் வந்திரிச்சி."

எல்லாம் தயாராகத்தானே இருந்தது? நெம்பு இழுத்திருந்தது. வெளிச்சம் அன்றைய வானத்துக்கு வைத்திருந்தது. நான் அத்தையின் ஜன்னலில் தலையை நீட்டி, சின்னச் சட்டத்துக்குள் அந்த வெள்ளை முதுகைக் கொண்டுவந்து, அமுக்கினேன். கேமராவின் சத்தத்துக்கு அது காதைத் திருப்பியது. பிறகு யாருக்காகவும் அவசரப்படாமல் கால்வாயில் இறங்கி, நீந்தி, காட்டுக்குள் போய்விட்டது.

அசாம் ஜாவா வருவதற்குள் வேனிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. முதலில் அழவில்லை. அத்தை அதைத் தலைகீழாகப் பிடித்து, முதுகைத் தேய்த்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். அழுதது. மாமியார் அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் இருவரையும் ஒப்படைத்துவிட்டுக் குழாயடியில் கை கழுவும்போதுதான் அத்தை என்னைக் கேட்டாள்.

"பெரிசா இருந்துச்சா?"

"ரொம்பப் பெரிசு அத்தை."

"காது?"

"நுனியில வெள்ளையா இருந்துச்சி."

அவள் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் குழாயை மூடவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போலக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றது. "எருமையா இருக்கும்" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். குழந்தைப் பேச்சென்று ஒதுக்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கை எதற்காக நின்றது என்று யோசிக்கிற வயது அல்ல அது.

கோலசிலாங்கூர் சீனர் போட்டோக் கடையில் கழுவிய படங்களை டிரைவர் மாமா வீட்டுக்கே கொண்டுவந்தார். அத்தை அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். அப்பா உறையைப் பிடுங்காத குறையாக வாங்கி, படங்களை மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மரம். ரோடு. குரங்கின் வால். வெறும் கிளை. மறுபடி ரோடு. டிரைவர் மாமா வாசலிலேயே நின்றார். அப்பா யாருடைய முகத்தைத் தேடினார் என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

ஈரத் தலையோடு அத்தை வந்து நின்றாள். அப்பா படங்களை மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"ஒரு மனுசன் மூஞ்சிகூட இல்ல இதுல! யாராச்சும் ஒருத்தன் இருந்தா அவனுக்கே கட்டி வெச்சிட்டுப் போயிருப்பேன். இதுக்கு நான் என்ன பண்றது? ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது?"

 அத்தை படங்களை விரலால் விலக்கி ஒன்றை எடுத்தாள். கறுப்பு வெள்ளைப் படம். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து மரம் துல்லியமாக விழுந்திருந்தது. ரோட்டில் நின்றது கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் வெள்ளை முதுகு தெரிந்தது, வளைந்த மூக்கு தெரிந்தது. அன்று தான் நிமிர்ந்து பார்க்காமல் விட்டதை அத்தை இப்போது பார்த்தாள்.  பிறகு அதை அப்பாவின் முன் வைத்தாள்.

"அண்ணே. இதானே அது?"

அப்பா படத்தின் மேல் குனிந்தார்.

"காப்பித் தூக்கு என் கையில இருந்துச்சி. பலகாரப் பொட்டலம் உன் கையில. நீ எனக்கு முன்னாடி நடந்தே. நீதான் மொதல்ல பாத்தே."

அம்மா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார். டிரைவர் மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து அப்பா அவ்வளவு சின்னதாக எப்போதும் இருந்ததில்லை.

"உன்னைய அடிச்சாங்க" என்றார். "நானும் பாத்தேன்னு சொன்னா என்னையும் அடிப்பாங்கன்னு... நான் ஒன்னும் பாக்கலன்னு சொல்லிட்டேன். அப்பறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"சின்னப் பிள்ளைல சொன்னதை விடு. இத்தனை வருசத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாம்லாண்ணே. ஒவ்வொரு தடவ மாப்பிள்ளை வீடு திரும்பிப் போனப்பவும் நீ இங்கதானே இருந்தே?"

கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ரவாங்கிலிருந்து வந்த சம்பந்தம் வேண்டாம் என்று அத்தை சொன்னாள். அப்பா துண்டை எடுக்காமலே தலையாட்டினார்.

பிறகு அப்பா செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் என்னவோ செய்கிறது. அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். காலையில் ஆள் பேர் கூப்பிடும் இடத்தில், கடையில், கோயிலில், யாரைப் பார்த்தாலும் எடுத்துக் காட்டினார். "பாரு, என் தங்கச்சி சொன்னது நெசம். நானும் பாத்தேன்" என்பார். கயிறு கட்டிய பூசாரி எப்போதோ செத்துப்போயிருந்தார். பேச்சைக் கிளப்பியவர்களில் பாதிப் பேர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். இளவட்டங்களுக்கு எந்தப் பேய், எந்தக் கதை என்றே தெரியவில்லை. வியர்வையும் விரல் ரேகையும் பட்டுப் படம் மங்கியது. தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் ரவாங்குக்குக் குடிபோனபோது அது காணாமல் போனது.

அத்தை பாகான் நக்கோடா ஓமார் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். கடைசிவரை அங்கேயேதான் இருந்தாள். சேற்றுக் கரையில் கொக்கும் நாரையும் எடுப்பதாகக் கேள்விப்பட்டோம். தீபாவளிக்கு வருவாள், ஒரு வேளை சாப்பிடுவாள், இருட்டும் முன் கிளம்பிவிடுவாள். டிரைவர் மாமா ரொம்ப நாள் கழித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டார். பத்திரிகை வைக்க வந்தபோது, "மிஸ்ஸி நல்லா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் அத்தையிடம் எப்போதாவது வாய்விட்டுக் கேட்டிருப்பாரா? தெரியவில்லை. அத்தை இறந்தபோது நாங்கள் போய்ச் சேருவதற்குள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் சாமான்களை ஒதுக்கிவிட்டிருந்தார். கேமராவைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

அவள் எங்கள் வீட்டைவிட்டுப் போன காலை மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது. மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரி வேனில்தான் போனாள். ஒரு தகரப் பெட்டி, பாய், தலையணை. அப்பா பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் வேனில் ஏறித் தோட்டத்து முகப்புவரை போய் இறங்கிக்கொண்டேன். அத்தை என் கன்னத்தைத் தட்டினாள். வேன் நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் சத்தம் அடங்கியது. வேன் உருண்டது. ஜன்னல் வழியாக அத்தை பாதி உடம்பை வெளியே சாய்த்து, கேமராவைக் கண்ணில் வைத்தாள். என் பக்கமாக.

எனக்கு முதுகு கூசியது. பின்னால் ஏதோ வந்து நிற்கிறது! கத்தவில்லை. மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகள். ஈரச் செம்மண். வேறொன்றும் இல்லை. மறுபடி நான் ரோட்டைப் பார்த்தபோது வேன் வளைவைத் தாண்டியிருந்தது.

அவள் எடுத்தது என்னைத்தான் என்று எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. எங்காவது இருந்தாலும் அதில் என் முகம் இருக்காது. ரிப்பன் வைத்துக் கட்டிய இரட்டைப் பின்னல் இருக்கும்.